கம்பெனிகள் கைகோர்த்தால் ஊர் உருப்படுமா? நொய்யல் கரையிலிருந்து சில குறிப்புகள்

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 3

எம்.பி.ஏ. படிக்கிறேன். வெவ்வேறு துறை நிறுவனங்கள் கைகோர்த்தால்தான் சுற்றுச்சூழலும் கெடாமல், எளிய மக்களும் விடுபடாமல் வளர்ச்சி வரும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நிஜத்தில் எங்காவது நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் முதலில் கை நீட்டியது யார்?

ஜூன் 3, இரவு 11.20

நடந்திருக்கிறது தம்பி, எங்கள் திருப்பூரில். ஆனால் யாரும் முதலில் கை நீட்டவில்லை. கரண்டைப் பிடுங்கிய பிறகுதான் எல்லோரும் பேச உட்கார்ந்தார்கள்.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளையும் அவை சேர்ந்து நடத்திய பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். நான் அப்போது ஒரு சின்னப் பட்டறையில் லேப் பையன். துண்டுத் துணியில் கலர் போட்டுப் பார்த்து மாஸ்டரிடம் காட்டுகிற வேலை. ஃபியூஸைப் பிடுங்கிய அன்றைக்கு மெஷினுக்குள் 200 கிலோ மெரூன் துணி பாதிச் சாயத்தில் நின்றது. நான்கு பேர் சேர்ந்து கையால் இழுத்து வெளியே போட்டோம். ஈரத்துணி என்ன கனம் கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடந்த அதை ஒரு வாரம் யாரும் தொடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில். சாயம் நின்றதும் நிட்டிங் நின்றது, காம்பாக்டிங் நின்றது, பிரிண்டிங் நின்றது, அட்டைப்பெட்டி அடிப்பவர், டெம்போ ஓட்டுபவர், எங்கள் பட்டறை வாசலில் பன்னும் டீயும் விற்ற அக்கா வரைக்கும் வேலை போனது. பெரிய எக்ஸ்போர்ட்டர்கள் துணியை லாரியில் ஏற்றி வெளி மாநிலத்துக்குச் சாயம் போட அனுப்பினார்கள். அதுவரை சாயப்பட்டறைக்காரனை எல்லோரும் 'ஜாப் ஒர்க்' என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவனுடைய கழிவு தங்களுடைய கழிவும்தான் என்பது அந்த ஒரு மாதத்தில் புரிந்தது. துறை தாண்டிய கூட்டு என்று எதைச் சொன்னாலும் நான் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்: யாருடைய அழுக்கை யார் சுமக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது.

ஜூன் 4, காலை 7.05

கலரை எடுத்துவிட்டால் தண்ணீர் சுத்தம்தானே, எதற்கு இவ்வளவு பெரிய பிரச்சினை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிரச்சினை கலரில் இல்லைங்க, உப்பில் இருக்கிறது.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் தானாக ஏறாது. உப்பு போட்டால்தான் நூலைப் பிடிக்கும். லிட்டருக்கு 50, 60 கிராம். கருப்பு, நேவி என்றால் 80 வரை போகும். அந்த உப்பு துணியில் தங்காது, போட்டதெல்லாம் தண்ணீரோடு திரும்ப வெளியே வரும். பழைய சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலரை அடியில் படிய வைத்துவிட்டு, மேலே தெளிந்ததை ஆற்றில் விட்டார்கள். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். நாக்கில் வைத்தால் கடல். அந்தக் கடல்தான் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. 10 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரவேண்டும் என்று 1992-ல் கட்டிய அணை.

ஜூன் 4, இரவு 10.40

மூடல் முடிந்ததும் எங்கள் பட்டறை திறக்கவில்லை. நான் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிற 'துளி வெளியே விடாதே' முறை வந்த புதிது. அங்கே பார்த்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முப்பது சொச்சம் பட்டறைகள் பங்குதாரர்கள். எல்லோருடைய கழிவுநீரும் குழாயில் வரும். முதலில் நுண்ணுயிர்த் தொட்டி, அப்புறம் ஆர்.ஓ. சவ்வு. சவ்வைத் தாண்டிய நல்ல தண்ணீர் பட்டறைகளுக்கே திரும்பிப் போகும். சவ்வு தள்ளிவிட்ட உப்புத் தண்ணீர் எவாப்ரேட்டருக்கு. அங்கே கொதிக்க வைத்து, குளிர வைத்து, சாயம் ஏற்றப் போடுகிற குளோபர் உப்பை எடுத்து அதையும் பட்டறைக்கே கொடுப்போம். சாப்பாட்டு உப்பைப் போலவே வெள்ளையாக இருக்கும். மூட்டை பிடிக்கிறபோது கை எரியும். ஸ்லட்ஜ் (அடியில் தங்கும் கழிவுச் சேறு) தனி, அது சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போகும். ஆக ஒரே கொட்டகைக்குள் ஜவுளி, ரசாயனம், கொதிகலனுக்கு விறகு தருகிற தோப்புக்காரர், சிமென்ட், வங்கிக் கடன், மாநில அரசு எல்லாம் வந்துவிட்டது. (அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அது இல்லாமல் பாதி நிலையங்கள் எழுந்திருக்காது என்பது என் எண்ணம்.)

காகிதத்தில் அழகாக இருக்கிறது இல்லையா. 2013-ல் ஒரு ராத்திரி ஷிஃப்டில் ஆர்.ஓ. பிரஷர் மானியில் முள் ஏறிக்கொண்டே போனது. இரண்டு மணிக்கு நிறுத்திக் கழற்றிப் பார்த்தோம். சவ்வு முழுக்க வழவழவென்று, விளக்கெண்ணெய் தடவின மாதிரி. யாரோ ஒரு பங்குதாரர் துணியை மெதுமெதுப்பாக்கப் போடுகிற சாஃப்ட்னரில் மிச்சமானதைத் தொட்டியோடு குழாயில் கவிழ்த்திருக்கிறார். யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாக் குழாயும் ஒரே தொட்டியில் விழுகிறது. ஒருவர் செய்ததற்கு முப்பது பட்டறை பதினோரு நாள் பாதி ஓட்டம் ஓடியது. மீட்டிங்கில் சட்டையைப் பிடிக்காத குறை.

அதற்கப்புறம் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு மீட்டர் வைத்தோம். நாளுக்கு இரண்டு முறை ஒவ்வொரு குழாயிலும் ஒரு பாட்டில் சாம்பிள். பழைய பிளாஸ்டிக் அலமாரியில் முப்பது சொச்சம் பாட்டில், கழுத்தில் டேப் ஒட்டி நம்பர் எழுதி வரிசையாக நிற்கும். அப்புறம் பில்லை மாற்றினார்கள். லிட்டருக்கு இவ்வளவு என்று மட்டும் இருந்தது, உப்பு ஏற ஏறக் கூடுதல் என்று ஆனது. மூன்றே மாதம். அதுவரை கண் மதிப்பில் உப்பு மூட்டையைக் கவிழ்த்த மாஸ்டர்கள் தராசு வாங்கினார்கள்.

சூழல் விழிப்புணர்வு வகுப்பும் அதே வருடம் நடந்தது, நானும் போனேன், நல்ல வகுப்புதான். ஆனால் தராசு வாங்க வைத்தது பில்.

ஜூன் 5, மதியம் 1.15

டென்மார்க்கின் கலண்ட்போர்க் ஊரில் ஒரு ஆலையின் கழிவை இன்னொரு ஆலை வாங்கிக்கொள்வது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், நன்றி. மின்நிலையத்தின் நீராவி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் போகிறது, நிலக்கரி எரித்த காலத்தில் மின்நிலையப் புகையிலிருந்து பிடித்த ஜிப்சம் சுவர்ப்பலகை செய்கிற ஆலைக்குப் போனது. உலகம் முழுக்க அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. யாரும் மேசையில் திட்டம் போட்டு அதை ஆரம்பிக்கவில்லை. நிலத்தடி நீர் போதவில்லை என்று 1961-ல் ஏரித் தண்ணீருக்கு ஒரு குழாய். 1972-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வீணாக எரித்த வாயு பலகை ஆலைக்கு. இப்படி இரண்டிரண்டு பேராக ஒப்பந்தம் போட்டுக்கொண்டே போய், எண்பதுகளின் கடைசியில்தான் அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். சின்ன ஊர். மேனேஜர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். திருப்பூரிலும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற அளவுக்கு. அப்படியிருந்தும் இங்கே நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒருவரின் கழிவு இன்னொருவருக்குச் சரக்கு. இங்கே எங்கள் கழிவைச் சுமந்தவர் கீழே இருந்த விவசாயி, அவரிடம் எங்களுக்கு வாங்கவோ விற்கவோ ஒன்றும் இல்லை. அதனால்தானோ?

ஜூன் 6, இரவு 9.30

திருத்தம். முதல் குறிப்பில் எழுதியது பாதி உண்மை.

மேலே எழுதியதை என் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் தம்பி, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "ஏன் மாப்ளே, கோர்ட்டு தானா வந்துச்சா? நாங்க செருப்புத் தேய நடந்ததெல்லாம் எங்க போச்சு?"

அவர் சொல்வது சரி. கரூர்ப் பக்கத்து விவசாயிகள் 1996-லேயே வழக்குப் போட்டார்கள். 2003-ல் நொய்யல் ஆயக்கட்டுதாரர் (ஆற்றுப் பாசனம் பெறுகிறவர்கள்) பாதுகாப்புச் சங்கமும் போட்டது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் துளி வெளியே விடக்கூடாது என்றும், அதுவரை வெளியே விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறு பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகிற அபராதம் என்றும் சொன்னது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கும் அசையாமல்தான் 2011. பதினைந்து வருடம் நடந்தவர்கள் அவர்கள், நான் ஃபியூஸ் பிடுங்கிய நாளிலிருந்து கதையை ஆரம்பித்துவிட்டேன்.

மாமா வீட்டுக் கிணற்றை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். லீவுக்குப் போனால் அப்புச்சி (அம்மாவின் அப்பா) மோட்டார் போட்டுவிடுவார், தொட்டியில் குதித்து ஆடுவோம். 2000 வாக்கில் அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் போனது. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) துணி துவைக்கச் சோடா கேட்டார். அப்புறம் மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டது. மஞ்சள் போட்ட வயலில் மேலே வெள்ளைப் பூ பூத்தது, உப்பு. அப்புச்சி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனார். அதே வருடம் நான் சாயப்பட்டறை வேலைக்குச் சேர்ந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. இன்றைக்கு வரைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

ஜூன் 7, காலை 6.50

இன்னொன்று. ஆறு பைசா அபராதத்தை நேற்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதை இப்போது யோசித்தால், கழிவுக்கு முதன்முதலாக மீட்டர் வைத்தது அதுதான். எங்கள் பிளாண்டில் 2013-ல் செய்ததை விவசாயிகளின் வழக்கு ஏழு வருடம் முன்பே கேட்டிருக்கிறது.

ஜூன் 7, இரவு 11.00

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு.

முதலில் பல்லடம், அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரி. விவசாயம் செய்வதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்றானது. 1995-ல் மாநில அரசும் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனமும் ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்து ஒரு தண்ணீர்க் கம்பெனி தொடங்கினார்கள். பவானிப் பக்கம் காவிரியிலிருந்து குழாய், நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். ஆலைகளுக்கு அதிக விலை, ஊர் மக்களுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலை. இதுவும் உங்கள் பாடப் புத்தகக் கூட்டுதான், நல்ல எண்ணம்தான், குழாயடியில் நின்ற என் அம்மாவுக்கு நிஜமாகவே பலன் கிடைத்தது.

ஆனால் சாயப்பட்டறைகள் மூடியதும் அதிக விலை கொடுத்து வாங்குபவர்கள் காணாமல் போனார்கள். திறந்த பிறகும் ஆர்.ஓ. தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் காவிரித் தண்ணீர் முன்னளவு தேவைப்படவில்லை. ஒரு கூட்டில் நல்லது நடந்தது, அதே நல்லது இன்னொரு கூட்டின் வருமானத்தைத் தின்றது. இதை யாருடைய குற்றம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தம் போடும்போது 'நாளைக்கு இவர்கள் தண்ணீரை மிச்சம் பிடித்தால்?' என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 8, மாலை 5.40

உப்பு எல்லாம் திரும்பிப் போகிறதா என்று கேட்டீர்கள். இல்லை. குளோபர் எடுத்த பிறகு கடைசியில் மிஞ்சுவது பல உப்புகளின் கலப்பு. யாரும் வாங்க மாட்டார்கள். மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைக்கிறோம். மழைக்காலத்தில் அது ஈரம் குடித்துக் கசியும், தார்ப்பாய் போர்த்துவோம். நிறுவனங்கள் கைகோர்க்க இன்றைக்கு இடம் இருக்கிறது என்றால் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது. அந்த உப்பைப் பிரித்து எடுத்துப் பயன்படுத்த ஒரு ரசாயனக் கம்பெனி முன்வந்தால் நான் லீவு போட்டு வந்து மூட்டை தூக்கித் தருவேன்.

ஜூன் 9, இரவு 10.10

'எளிய மக்கள் விடுபடாமல்' என்ற பாதியை இதுவரை தொடவே இல்லை என்று ஒரு அக்கா சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான்.

என் மனைவியின் சித்தி பனியன் வேஸ்ட் குடோனில் வேலை செய்கிறார். கட்டிங் டேபிளில் விழுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். தரையில் சாக்கு விரித்துப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கைப்பிடி எடுத்து உதறி, எலாஸ்டிக், லேபிள், பாலியெஸ்டர் கலந்தது எல்லாம் ஒரு பக்கம் வீசி, மிச்சத்தைக் கலர் பிரிப்பார்கள். சித்தியின் முன்னால் நீலத்துக்கு மட்டும் ஐந்து குவியல். எனக்கு லேபில் மெஷின் வைத்துக் கலர் பார்த்த அனுபவம் உண்டு, அவர் பிரிக்கிற இரண்டு நீலத்துக்கு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "பாருங்க மாப்ள, இது செவப்படிச்ச நீலம்" என்றார். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன், ஆமாம்.

பிரித்தது பல்லடம் பக்கத்து ஓ.இ. (ஓபன் எண்ட்) நூல் மில்லுகளுக்குப் போகிறது. பஞ்சாக்கித் திரும்ப நூலாக்குகிறார்கள், பெட் பாட்டில் இழையும் சேர்ப்பதுண்டு. கலர் பிரித்து நூற்பதால் அந்த நூலுக்குத் திரும்பச் சாயம் வேண்டாம். சாயம் வேண்டாம் என்றால் உப்பு வேண்டாம், என் கொட்டகையில் மூட்டை சேராது. ஆக எங்கள் கோடிக்கணக்கான ரூபாய் எவாப்ரேட்டர் செய்கிற வேலையில் ஒரு பங்கைச் சித்தியின் கண் முன்கூட்டியே செய்துவிடுகிறது. அவருக்குக் கிலோ கணக்கில் கூலி. அந்த நூலில் செய்த துணிக்கு 'மறுசுழற்சி' என்று அட்டை தொங்கவிட்டுக் கூடுதல் விலை வைக்கிறார்கள். அந்தக் கூடுதலில் ஒரு ரூபாயாவது குடோன் வரைக்கும் இறங்குகிறதா என்று கேட்டேன். கிலோ கூலி மூன்று வருடமாக அதேதான் என்றார்.

ஜூன் 10, காலை 8.00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் கவனிக்கிற ஒரு மெர்ச்சண்டைசர் கோபமாக எழுதியிருக்கிறார். பையர் (துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி) நியாயமான விலை தராமல் நாங்கள் எங்கிருந்து கொடுப்பது என்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. துளி வெளியே விடாமல் சாயம் போட ஆகிற செலவைத் திருப்பூர் பட்டறைக்காரர்தான் கிலோ விலையில் சுமக்கிறார். அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் சாயம் போட்டால் மலிவு. பையர் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். தன் வருடாந்திர அறிக்கையில் மட்டும் திருப்பூர்ப் படத்தைப் போடுகிறார்.

என் பழைய முதலாளியும் அதில்தான் போனார். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்குப் பணம் கட்ட முடியவில்லை. மெஷினை எடைக்குப் போட்டார். சின்னவர்கள் வெளியேறி, பங்கு கட்ட முடிந்தவர்கள் மிஞ்சினார்கள். ஆறு பிழைத்ததில் அவர் கொடுத்ததும் இருக்கிறது, அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஜூன் 11, இரவு 9.15

கொஞ்சம் நல்ல செய்தி. ஊரின் தொழிலதிபர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இன்றும் மரம் நட்டுக்கொண்டிருக்கிறது. இடம் கொடுப்பவர் விவசாயி, கன்றும் குழியும் கொடுப்பவர் பனியன்காரர், தண்ணீர் விட்டு வளர்ப்பது தோட்டத்துக்காரர் பொறுப்பு. மாமா தோட்ட ஓரத்திலும் வேம்பு நிற்கிறது. நஞ்சராயன் குளம் இப்போது பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டைத்தலை வாத்து தாண்டிப் பறந்து வருகிற இமயமலை எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்த அக்கா விடவில்லை. 'மரம் நடுவது சுலபம், மீட்டிங்கில் இடம் கொடுப்பதுதான் கஷ்டம்' என்று எழுதியிருக்கிறார். முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, நட்டவர்களின் உழைப்பை நேரில் பார்த்தவன் நான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். எங்கள் பிளாண்ட் கூட்டத்தில் பட்டறைக்காரர் உண்டு, வங்கிக்காரர் வருவார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி வருவார். கீழே இருக்கிற ஆயக்கட்டிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. மெஷினில் நிற்கிற ஒடிசாப் பையன்கள், தொட்டிக்குள் இறங்குகிறவர்கள், யாரும் இல்லை. இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் 15, இரவு 8.45

இன்று ஞாயிறு, மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். பிளாண்டிலிருந்து டி.டி.எஸ். பேனா எடுத்துப் போனேன், தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டுவது. கிணற்றில் வாளி விட்டு மோந்து, பேனாவை முக்கினால் 2,870. மூடலுக்கு முந்தின வருடம் இதே கிணற்றில் நான் பார்த்தது 5,400. குடிநீருக்கு 2,000-க்கு மேல் கூடவே கூடாது என்பது அளவு, ஆகவே இன்னும் குடிக்க முடியாது. ஆனால் தென்னை நிற்கிறது. ஒரு மூலையில் மாமா சோதனைக்கு நான்கு பாத்தி சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார். இரண்டு பாத்தியில் தாள் நுனி கருகியிருக்கிறது, இரண்டில் பச்சை.

பாதியானது எங்களால்தானா, மழையாலா என்று மாமா கேட்டார். இரண்டும் இருக்கும் என்றேன். "உங்க பாட்டில் அலமாரியில எங்க கெணத்துக்கு ஒரு பாட்டில் வெச்சா என்ன?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து பிளாண்ட் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆயக்கட்டில் ஐந்து கிணறு, மாதம் ஒரு முறை சாம்பிள், முடிவை எங்கள் வாசலிலும் அந்த ஊர்ச் சாவடியிலும் எழுதி ஒட்ட வேண்டும், கூட்டத்துக்கு அங்கிருந்து இரண்டு பேரை அழைக்க வேண்டும். செலவு ஒன்றும் பெரிதில்லை, ஐந்து பாட்டில், ஒரு ஆள் அரை நாள். நாளைக்குக் கொடுக்கப் போகிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிப் பேசினால் ஒத்துக்கொள்வார்கள் என்று எழுதுங்கள்.

மாமா 2,870-ஐக் கிணற்றுத் திட்டில் கரிக்கட்டியால் எழுதித் தேதி போட்டு வைத்திருக்கிறார்.